பீரோவில் கிடக்கும் கேமராவை மீண்டும் கையில் எடுக்க: முழுமையான வழிகாட்டி

சில வருடங்கள் கேமராவைத் தொடாமல் இருந்தவர்கள் திரும்ப எடுக்கும்போது நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பேட்டரியை சார்ஜரில் மாட்டுவார்கள். வீட்டுக்குள்ளேயே பத்துப் படம் எடுப்பார்கள். மங்கலாகவும் இருட்டாகவும் வந்ததைப் பார்த்து "இதுக்கு ஃபோனே தேவலை" என்பார்கள். மறுநாள் புதுக் கேமரா விலை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். கையில் இருக்கும் கருவியை முதலில் சோதியுங்கள். பழைய செட்டிங்குகளை அடியோடு அழியுங்கள். ஃபோன் பழக்கிவிட்ட சில வழக்கங்களை விடுங்கள். வாங்குவதெல்லாம் கடைசியில்.

பழைய கேமரா இன்றைக்குப் போதுமா என்ற சந்தேகத்தை இப்போதே தீர்த்துவிடலாம். 10×15 செ.மீ. பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1200×1800 புள்ளிகள் வேண்டும், இது 2.2 மெகாபிக்சல்கூட இல்லை. ஏ4 அளவுக்கு 2480×3508, அதாவது 8.7 மெகாபிக்சல். 2008இல் வந்த நிக்கான் டி90 கேமராவே 12.3 மெகாபிக்சல். ஆக, பகல் வெளிச்சத்தில் எடுத்து ஏ4 வரை பிரிண்ட் போட அந்தக் காலத்துக் கேமராவே தாராளம். அது உண்மையில் பின்தங்கும் இடங்கள் மூன்று: குறைந்த வெளிச்சம், வேகமாக ஓடுவதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வது, வீடியோ. உங்களுக்கு வேண்டியது இந்த மூன்றுக்குள் வராவிட்டால் பழையதே போதும்.

பேட்டரியும் கடிகாரமும்

சார்ஜரில் மாட்டும் முன் பேட்டரியைச் சமமான மேசைமேல் வையுங்கள். நடுவில் உப்பி, விரலால் தொட்டால் ஆடினால் அது கெட்டுவிட்டது. அதை சார்ஜ் செய்யவோ கேமராவுக்குள் திணிக்கவோ கூடாது. உள்ளே போனால் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். குப்பையிலும் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

உப்பாத பேட்டரியும் சில நேரம் சார்ஜ் ஏறாது. லித்தியம் அயான் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்ல இறங்கும். முழுக்கக் காலியான நிலையில் வருடக்கணக்கில் கிடந்தால் மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே போய்விடும். சார்ஜர் அதைப் பேட்டரியாகவே மதிக்காது, விளக்கு வேகமாகச் சிமிட்டும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து உயிர்ப்பிக்கும் குறுக்குவழிகள் ஆபத்தானவை. புதியது வாங்குவதே சரி. இனிமேல் நாள்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், கேமராவுக்கு வெளியே வையுங்கள்.

கேமரா உயிர் பெற்றதும் தேதி கேட்கும். உள்ளே கடிகாரத்துக்கென ஒரு சிறு பேட்டரி உண்டு. பெரும்பாலான மாடல்களில் அது முதன்மை பேட்டரியிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், அதனால் ஒன்றிரண்டு நாள் பேட்டரியை உள்ளேயே விட்டுவையுங்கள். சில பழைய மாடல்களில் கழற்றி மாற்றக்கூடிய நாணய பேட்டரி இருக்கும். "தேதியெல்லாம் எதற்கு" என்று ஓகே அழுத்தித் தாண்டிவிடாதீர்கள். எடுக்கும் ஒவ்வொரு கோப்பிலும் அந்தத் தேதிதான் பதியும். ஆறு மாதம் கழித்து ஃபோன் படங்களோடு சேர்த்து அடுக்கும்போது எல்லாம் 2010 ஜனவரியில் போய் உட்கார்ந்திருக்கும்.

மெமரி கார்டு

கேமராவில் கிடந்த கார்டை முதலில் கணினியில் போட்டு, இருப்பதையெல்லாம் நகலெடுங்கள். மறந்துபோன படங்கள் நிச்சயம் இருக்கும். எதையாவது தெரியாமல் அழித்துவிட்டால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் நிறுத்தி, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்கப் பாருங்கள். புதுப் படம் பழைய படத்தின் இடத்தில் எழுதப்பட்டுவிட்டால் மீட்க வழியில்லை.

புதுக் கார்டு வாங்கும்போது பலரும் சறுக்குவது கொள்ளளவில். 2 ஜிபி வரை எஸ்டி, 4 முதல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. மூன்றும் பார்க்க ஒரே அளவுதான், ஆனால் மிகப் பழைய கேமரா எஸ்டிஎச்சியைப் படிக்காது. எஸ்டிஎச்சி காலத்துக் கேமரா 64 ஜிபி கார்டைப் போட்டால் பிழை காட்டும். கேமராவின் கையேட்டில் எது வரை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐயமிருந்தால் 32 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்தக் கார்டானாலும் ஃபார்மட் செய்வது கேமராவுக்குள்தான், கணினியில் அல்ல. "கார்டு பூட்டப்பட்டுள்ளது" என்று வந்தால் கார்டின் இடப்பக்க விளிம்பில் இருக்கும் சிறு தாழ் கீழே இறங்கியிருக்கிறதா பாருங்கள்.

காம்பேக்ட்ஃப்ளாஷ் கார்டு போடும் கேமராவாக இருந்தால் கார்டைச் சாய்த்துத் தள்ளவே கூடாது. உள்ளே ஊசி ஊசியாக இருக்கும் பின்களில் ஒன்று வளைந்தாலும் பெரிய ரிப்பேர்.

லென்ஸ்: அவசரமில்லாமல் பார்க்க வேண்டிய இடம்

இருட்டான அறையில், கைவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, பின்பக்கத்திலிருந்து விளக்கை அடித்து முன்பக்கத்தில் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். பிறகு திருப்பி, முன்னிருந்து அடித்துப் பின்னால் பாருங்கள். இந்த வெளிச்சத்தில் புது லென்ஸே பயமுறுத்தும். நாலைந்து தூசி இருப்பது எல்லா லென்ஸிலும் சகஜம், படத்தில் தெரியாது. நீங்கள் தேடுவது வேறு.

வேர்போல, சிலந்தி வலைபோலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேலடுக்குப் பூச்சை அது அரிக்கும். ஆரம்பத்தில் ஓரத்தில் சின்னதாக இருந்தால் படத்தில் வித்தியாசமே தெரியாது. நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படங்கள் பால் ஊற்றியதுபோல் வெளிறும். பழுது பார்ப்பவரிடம் பிரித்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் பூச்சு அரிபட்டிருந்தால் அந்தத் தடம் போகாது. கேமராவோடு சேர்ந்தே வரும் விலை குறைந்த கிட் லென்ஸுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. லென்ஸை வெயிலில் காயவைக்கும் யோசனையும் வேண்டாம்: குவிந்த வெயில் பின்னால் இருக்கும் பொருளைப் பொசுக்கும், சூடு உள்ளிருக்கும் கிரீஸை இளக்கிவிடும்.

கிளை எதுவும் இல்லாமல் சீரான மங்கல் படலமாக இருந்தால் உள்ளிருக்கும் மசகு ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கலாம். அதையும் பிரித்தால்தான் துடைக்க முடியும்.

கண்ணுக்குத் தெரியாத பிரச்சினை ஒன்று உண்டு: அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளை, அதன் இதழ்களில் எண்ணெய் கசிந்து அவை மெதுவாக மூடுவது. லென்ஸ் கேமராவில் இருக்கும்போது இதழ்கள் முழுக்கத் திறந்தே இருக்கும், ஷட்டர் அழுத்திய கணத்தில்தான் சுருங்கும். எண்ணெய் பிடித்த இதழ் அந்த நேரத்துக்குள் சுருங்கி முடிக்காது, அதிக வெளிச்சம் உள்ளே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க, ஒரே சுவரை மூன்று தடவை எடுங்கள்: எஃப் 4இல் 1/500, எஃப் 8இல் 1/125, எஃப் 16இல் 1/30. எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்; 1/500 போன்றவை ஷட்டர் திறந்திருக்கும் நொடிக்கணக்கு. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்) மாற்றாதீர்கள். மூன்றும் ஒரே அளவு வெளிச்சம்தான். எண் ஏற ஏறப் படமும் வெளுத்துக்கொண்டே போனால் இதழ்கள் ஒட்டுகின்றன.

முன்கண்ணாடியைத் துடைக்கும் வரிசை: ரப்பர் ப்ளோயரால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகே துணி. லென்ஸ் திரவத்தை ஒரு சொட்டு துணியில் விடுங்கள், கண்ணாடியில் நேராக விட்டால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றித் துடையுங்கள். லென்ஸின் பின்பக்கம் இருக்கும் பொன்னிறத் தொடர்புப் புள்ளிகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்; "லென்ஸ் இணைக்கப்படவில்லை" என்று கேமரா அடம்பிடிப்பது பாதி நேரம் இந்தப் புள்ளிகளில் படிந்த அழுக்கால்தான். கைப்பிடி ரப்பர் பிசுபிசுத்தாலும் அதே ஆல்கஹால் போதும்.

கேமரா எந்தப் பையில் கிடந்ததோ அதே பைக்குள் திரும்ப வைக்க வேண்டாம். பையின் ஸ்பான்ஜும் தோலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் மூன்றும் போதும். 40 முதல் 50 சதவீதம் நல்லது. 60ஐத் தாண்டி நிலைத்தால் பூஞ்சை வேர்விடும். மிகக் குறைந்தாலும் மசகு காயும். சிலிக்கா ஜெல் மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். இதைச் செய்யாமல் டப்பாவில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். நிறைந்த ஜெல் வெறும் கூழாங்கல்.

சென்சார் தூசி

சென்சார் என்பது கேமராவுக்குள் படம் பதியும் சில்லு. அப்பர்ச்சரை எஃப் 16இல் வைத்து, ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, தெளிவான வானத்தையோ கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தையோ கலங்கலாக ஒரு படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் தூசி சாம்பல் பொட்டாகத் தெரியும். எஃப் 4இல் இதே தூசி தெரியாது, ஏனென்றால் அகலமான துளையில் அதன் நிழல் கரைந்துவிடும். அதனால் ஓரிரு பொட்டுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

நிறைய இருந்தால்: பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் நிலையைத் தேர்ந்தெடுத்து, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ப்ளோயரின் முனை உள்ளே நுழையாமல் ஏழெட்டுத் தடவை ஊதுங்கள். டப்பாவில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்று கூடவே கூடாது, அதன் திரவம் தெறித்துச் சென்சாரில் உறைந்த கறையாகிவிடும். வாயால் ஊதினால் எச்சில். மறுபடி சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள்.

ஊதியும் போகாதது ஒட்டியிருக்கும் அழுக்கு. ஏபிஎஸ்-சி (முழு அளவைவிடச் சிறிய) சென்சாருக்கு 16 மி.மீ., முழு அளவு (ஃபிலிம் சட்டத்தின் அளவு) சென்சாருக்கு 24 மி.மீ. அகலத் துடைப்புக் குச்சி கிடைக்கும். திரவம் இரண்டு சொட்டு. ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. குச்சியைத் திருப்பி அடுத்த பக்கத்தால் ஒரே இழுப்பில் திரும்ப வாருங்கள். அந்தக் குச்சி அத்துடன் குப்பைக்கு. பொட்டு எங்கே இருக்கிறது என்று தேடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுகிறது. படத்தின் மேல் இடது மூலையில் தெரிந்த பொட்டு, கேமராவை முன்னிருந்து பார்க்கும்போது கீழ் இடது மூலையில் இருக்கும்.

கண்ணும் செட்டிங்கும்

கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதுதான் டயாப்டர். சில வருடத்தில் உங்கள் பார்வை மாறியிருக்கும், கேமரா பழைய கண்ணுக்கே சரிசெய்யப்பட்டிருக்கும். காட்சியைப் பார்த்துத் திருகாதீர்கள். உள்ளே கீழ்ப்பகுதியில் தெரியும் எண்கள் கூர்மையாகும் வரை திருகுங்கள். "ஃபோகஸ் சரியில்லை" என்று கேமராவை ரிப்பேருக்குக் கொண்டுபோகும் முன் இந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாலே போதும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அடுத்து மெனுவில் முழு ரீசெட். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தைக் கூடுதல் வெளிச்சமாகவோ இருட்டாகவோ ஆக்கும் அளவு) மைனஸ் ஒன்றில் கிடப்பது, வெள்ளைச் சமநிலை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வண்ணத்தைச் சரிசெய்வது) குண்டு பல்பு வெளிச்சத்தில் நிற்பது, படத்தின் அளவு சிறியதாக இருப்பது என எல்லாப் பழைய எச்சமும் போய்விடும். ரீசெட் செய்யாமல் ஒவ்வொன்றாகத் தேடுவது வீண் வேலை. அதன்பின் இவற்றை மட்டும் வையுங்கள்:

கோப்பு வகை ரா (சென்சார் பதித்தது அப்படியே), ஜேபெக் (கேமரா பதப்படுத்திச் சுருக்கியது) இரண்டும். வண்ணவெளி எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபியில் இருந்தால் ஃபோனிலும் இணையத்திலும் படம் சாயம் போனதுபோல் தெரியலாம். டயலில் அப்பர்ச்சர் முன்னுரிமை (துளையை நீங்கள் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும்), துளை எஃப் 5.6. தானியங்கி ஐஎஸ்ஓ, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125, உச்சவரம்பு பழைய ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 1600, புதியவற்றுக்கு 6400. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ். வெளுத்துப்போன பகுதி சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை ஆன். கடைசியாக, கார்டு இல்லாமலே ஷட்டர் இயங்கும் வசதி சில மாடல்களில் உண்டு, அதை அணைத்துவிடுங்கள். கார்டைக் கணினியில் விட்டுவிட்டு நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டே போனவர்கள் இருக்கிறார்கள்.

ஃபோன் செய்து கொடுத்ததை இனி நீங்கள்தான் செய்ய வேண்டும்

ஃபோன் ஒரு படம் எடுப்பதுபோல் காட்டினாலும் உள்ளே பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. ஜன்னலுக்கு முன் நிற்பவரின் முகமும் தெரியும், வெளியே வானமும் தெரியும். கேமரா எடுப்பது ஒரே ஒரு படம். அதே ஜன்னலுக்கு முன் நிறுத்தினால் ஒன்று முகம் கறுக்கும், அல்லது வானம் வெளுக்கும். எது வேண்டும் என்று தீர்மானிப்பது உங்கள் வேலை. கேமராவுக்குத் திரும்புகிறவர்களின் முதல் ஏமாற்றம் இங்கேதான். கருவியில் குறை ஒன்றுமில்லை.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக் கணக்குப் போடுகிறது. ஒரு வெள்ளைத் தாளைச் சட்டகம் நிறைய எடுத்துப் பாருங்கள், சாம்பலாக வரும். கறுப்புத் துணியை எடுங்கள், அதுவும் சாம்பல். தாளுக்குக் காம்பன்சேஷனை +1.3, துணிக்கு −1.3 வைத்து மறுபடி எடுத்தால் இரண்டும் தத்தம் நிறத்துக்கு வரும். பத்து நிமிட வேலை, ஆனால் இனி வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்பவர் ஏன் இருண்டு வருகிறார் என்று குழம்ப மாட்டீர்கள். திரையின் வெளிச்சத்தை நம்பாமல், இருட்டு இடத்திலும் வெளிச்சம் வலத்திலுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்: வரைபடம் வலது சுவரில் முட்டி நின்றால் அந்தப் பகுதியில் விவரம் போய்விட்டது, ராவிலும் ஓரளவுக்கு மேல் மீளாது. இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் தூக்கலாம், ஆனால் புள்ளி புள்ளியான இரைச்சல் சேர்ந்து வரும்.

துளையின் விளைவைப் புரிந்துகொள்ள மேசைமேல் மூன்று டம்ளர் போதும். கேமராவிலிருந்து விலகிப் போகும் வரிசையாக 10 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று நடு டம்ளரில் ஃபோகஸ் செய்யுங்கள். எஃப் 1.8இல் கூர்மையான பகுதி மொத்தமே சுமார் 6 செ.மீ., அதனால் நடு டம்ளர் மட்டும். எஃப் 4இல் 14 செ.மீ.; பக்கத்து டம்ளர்கள் கொஞ்சம் தெளிந்தும் தெளியாமலும். எஃப் 8இல் 29 செ.மீ. ஆகிவிட, மூன்றும் தெளிவு. ஒரு முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 6 செ.மீ.க்கு மேல் இருக்கிறது. அகலத் துளையில் எடுத்தால் ஏன் கண் மட்டும் தெளிந்து காது கலங்குகிறது என்பதற்கு இதுவே கணக்கு.

ஷட்டர் வேகத்துக்கு மின்விசிறி. நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் மூன்று இறக்கை விசிறி என்றால் நொடிக்கு ஐந்து சுற்று. 1/1000இல் இறக்கை கிட்டத்தட்ட நின்றிருக்கும், நுனியில் மட்டும் லேசான இழுப்பு. 1/125இல் நுனி ஒரு சாண் அளவுக்குக் கலங்கும். 1/15இல் ஒவ்வோர் இறக்கையும் மூன்றில் ஒரு சுற்று நகர்ந்து அடுத்ததன் இடத்தைத் தொட்டுவிடும், படத்தில் இறக்கையே இல்லாமல் முழு வட்டத் தட்டு தெரியும். இந்தச் சோதனையில் எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் பயப்படாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னுகிறது. 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போகும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமானால் 1/120 அல்லது 1/60.

முதல் மாதம் ஒரே லென்ஸ், அப்பர்ச்சர் முன்னுரிமை மட்டும். ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய கண் பார்க்கும் அகலத்தில் பார்க்கும். ஃபோனின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் இதைவிட அகலம், அதனால் தொடக்கத்தில் எல்லாம் மிகக் கிட்டே வந்து நிற்பதுபோல் தோன்றும்; இரண்டடி பின்னால் போகப் பழகுங்கள். ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் வளையத்தை 35இல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம்.

மங்கல் எதனால் என்று படத்தைப் பார்த்தே சொல்லலாம்

கணினியில் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். ஃபோகஸ், கை, பொருள், லென்ஸ் நான்கும் நான்கு விதமாகக் காட்டிக்கொடுக்கும்.

சட்டகத்தில் உள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு, விளக்குப் புள்ளி சிறு கோடாகியிருந்தால் கை அசைந்திருக்கிறது. குவியத் தூரத்தை (லென்ஸின் மி.மீ. எண்) சென்சார் பெருக்கத்தால் பெருக்கி வரும் எண்ணைப் பகுதியாக வைத்த வேகமே கீழ்வரம்பு: ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. என்றால் 1/80, 200 மி.மீ. என்றால் 1/320. கேனான் ஏபிஎஸ்-சியில் பெருக்கம் 1.6, மற்றவற்றில் 1.5, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2. இது ஃபிலிம் காலத்துக் கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் இன்னும் ஒரு மடங்கு வேகம் கூட்டிக்கொள்வது நல்லது.

சுவரும் நாற்காலியும் கூர்மை, ஆனால் ஆள் மட்டும் கலங்கல் என்றால் அசைந்தது ஆள். நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500க்குக் குறையாமல், பறக்கும் பறவைக்கு 1/2000 வரை. லென்ஸில் இருக்கும் நடுக்கம் தணிக்கும் வசதி இதற்கு உதவாது, அது உங்கள் கையை மட்டுமே தணிக்கும். தானியங்கி ஐஎஸ்ஓவின் குறைந்தபட்ச வேகத்தை 1/500க்கு ஏற்றினால் ஐஎஸ்ஓ எகிறும், எகிறட்டும். இரைச்சலுள்ள தெளிந்த படத்தைச் சரிசெய்யலாம், கலங்கிய படத்துக்கு மருந்தில்லை.

முகம் கலங்கி, பின்னாலிருக்கும் செடி தெளிவாக இருந்தால் ஃபோகஸ் பிசகியிருக்கிறது. கேமரா தானாகப் புள்ளி தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால் கிட்டே இருப்பதையோ அழுத்தமான கோடுகள் உள்ளதையோ பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியைக் கண்ணின் மேல் நகர்த்தி வையுங்கள். நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்து, அரை அழுத்தத்தில் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழைய வழக்கம் எஃப் 8இல் சரிவரும். எஃப் 1.8இல் திருப்பும்போதே ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் போய்விடும்.

எங்குமே தெளிவில்லை, திசையும் இல்லை, மொத்தமும் வெளிறிக் கிடக்கிறது என்றால் முன்கண்ணாடி, மலிவான பாதுகாப்பு ஃபில்டர், அல்லது மேலே சொன்ன உட்படலம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் எடுத்த படம் என்றால் அது வெறும் பனிமூட்டம். கேமராவைப் பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருந்து எடுத்தால் வராது.

கோப்புகள்

அன்றைய படங்களை அன்றே கணினிக்கு மாற்றுங்கள். ஃபோல்டர் பெயர் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இருந்தால் தானாகவே அடுக்கிக்கொள்ளும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி, இன்றும் மாறவில்லை. இரண்டாவது பிரதி உறுதியான பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

ரா கோப்புகளைத் திருத்த டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். திறந்ததும் ரா சப்பையாகத் தெரிவது இயல்பே. ஜேபெக்கில் கேமரா தானாகச் சேர்க்கும் வண்ணமும் மாறுபாடும் இதில் இல்லை. வெட்டுதல், வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, வெளுத்த பகுதி, நிழல் என்ற வரிசையில் போங்கள், கூர்மையூட்டல் கடைசி. பிரிண்ட் எல்லாம் இருட்டாக வருகிறதா? பெரும்பாலும் உங்கள் திரையின் வெளிச்சம் மிக அதிகம். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை திரையைக் குறையுங்கள்.

இனி வாங்கலாம்

ப்ளோயர், ஒரு உபரி பேட்டரி, ஒரு கார்டு. இதற்கு அடுத்து 35 அல்லது 50 மி.மீ. ஒற்றைக் குவிய (ஜூம் ஆகாத) லென்ஸ். கிட் லென்ஸ் 50 மி.மீ. பக்கம் போனால் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் 1.8 அதைவிடப் பத்து மடங்குக்குச் சற்றுக் குறைவான வெளிச்சத்தை உள்ளே விடும். புதுக் கேமராவுக்குத் தாவுவதைவிடக் குறைந்த வெளிச்சத்தில் இதுவே பெரிய மாற்றம். இதில் மட்டும் ஒரு பொறி உண்டு: நிக்கானின் ஏஎஃப்-டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும், பழைய லென்ஸை இணைக்கும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக மிரர்லெஸ்ஸில் (உள்ளே ஆடி இல்லாத புதுவகைக் கேமரா) மாட்டினாலும் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருக வேண்டும். கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியே அதன் ஆர்எஃப் வகை மிரர்லெஸ் கேமராக்களில் ஃபோகஸ் உட்பட முழுமையாக வேலை செய்யும்.

பழைய கேமரா வாங்குவதானால் மூன்று படம் எடுக்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெற்றுச் சுவரை 1/4000இல் எடுங்கள். ஓர் ஓரத்தில் கரும்பட்டை தெரிந்தால் ஷட்டர் திரை தடுமாறுகிறது. எஃப் 16இல் வானம், சென்சார் கறைக்காக. மூன்றாவது, செங்கல் சுவரை நேராக நின்று, லென்ஸின் ஆக அகலத் துளையில். நான்கு மூலையையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள்: நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு, ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்து உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். ஷட்டர் எண்ணிக்கையையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களுக்கு (உள்ளே ஆடி உள்ள கேமரா) நிறுவனங்கள் சொல்லும் ஆயுள் 1 லட்சம் முதல் 2 லட்சம் அழுத்தம் வரை. பாதி கடந்ததென்றால் பேரம் பேசலாம், விட்டுவிட வேண்டியதில்லை.